கடல்மீன் கொள்முதல்: நிறம் வேண்டாம், வாயைப் பாருங்கள்

மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் நம் மளிகை வணிகர்கள் கையில் அள்ளியதுமே சொல்லிவிடுவார்கள். அலங்காரக் கடல்மீன் வியாபாரத்திலும் அப்படியொரு போலிச் சரக்கு உண்டு.

'கிளீனர் ராஸ்' என்னும் சிறு மீன் மற்ற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும். பவளப்பாறைத் தொட்டி வைத்திருப்போர் அதை விரும்பிக் கேட்பார்கள். அதே நீலம், அதே கறுப்புப் பட்டை, அதே குதியாட்ட நீச்சலோடு 'ஆஸ்பிடான்டஸ்' என்ற வேறொரு மீனும் இருக்கிறது. இது சுத்தம் செய்வதில்லை. அருகில் வரும் மீன்களின் துடுப்பைக் கடிக்கும். தொட்டியில் விட்டபின் பாறை இடுக்கில் புகுந்துகொண்டால், அடுக்கிய பாறைகளைக் கலைத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கும். நஷ்டம் வாடிக்கையாளருக்கு, கெட்ட பெயர் நமக்கு.

நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பக்கவாட்டில் வாயைப் பார்க்க வேண்டும். அசலுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும். போலிக்குச் சுறாவைப் போல மூக்கின் கீழே தள்ளி இருக்கும். ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு மீதியை எண்ணி எடுப்பது ஆகாது. சந்தேகப்பட்டதைத் தனித் தொட்டியில் போட்டுவைப்போம்.

அசலுக்கும் ஒரு குறை உண்டு. ஒட்டுண்ணி கிடைக்காத சிறு தொட்டியில் அது பெரும்பாலும் பட்டினியால் செத்துவிடும். இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.