தேத்தாங்கொட்டையும் காஞ்சிரங்கொட்டையும்

மாரியில் கிணறு கலங்கினால் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துத் தண்ணீர் தெளியவைப்பது பழைய வழக்கம். வாழையும் மரக்கறியுமாகிவிட்ட யாழ்ப்பாணத்து நீர்வேலிச் செம்மண்ணில் அந்த மரத்தைக் காண்பது அரிது. வன்னிக் காட்டில்தான் தேட வேண்டும். சிக்கலும் அங்கேதான். அதன் உடன்பிறப்பான காஞ்சிரையும் (எட்டி) அதே காட்டில் நிற்கிறது.

“இலையைப் பார்த்தே பிரித்துவிடலாம்” என்பார்கள். நம்பாதீர்கள். இரண்டும் ஸ்ட்ரிக்னோஸ் என்ற ஒரே பேரினம். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக இருக்கும். அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் ஓடும். பழம்தான் காட்டிக்கொடுக்கும். காஞ்சிரம்பழம் தோடம்பழ நிறத்தில் பெரிதாக, ஓடு தடித்து இருக்கும். உள்ளே பல கொட்டைகள். தேத்தாம்பழம் சிறிது, பழுத்தால் கறுக்கும், பெரும்பாலும் ஒரே கொட்டை. கொட்டை மட்டும் கையில் கிடைத்தால் வடிவத்தைப் பாருங்கள்: காஞ்சிரை ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அகலத்தில் நாணயம்போல் தட்டை, மேலே சாம்பல் நிறப் பட்டுமயிர். தேத்தான் அதில் பாதியளவு, தடித்து உருண்டது. கடித்துக் கசப்புப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டாம். காஞ்சிரையிலுள்ள ஸ்ட்ரிக்னின் தசைகளை இழுத்து, மூச்சை நிறுத்திக் கொல்லும்.

“காஞ்சிரம்பழத்தை இருவாச்சி தின்கிறதே, மனிதருக்கு என்ன?” என்பார்கள். பறவை சதையைத் தின்று கொட்டையைக் கக்கிவிடும். அவித்தால் நஞ்சு போய்விடும் என்பதும் பிழை. ஸ்ட்ரிக்னின் அடுப்புச் சூட்டில் அழியாது. சித்த வைத்தியர் செய்யும் சுத்திமுறை வேறு, அது வீட்டு வேலையல்ல.

சரியான கொட்டையே கிடைத்தாலும் இன்னொரு நம்பிக்கை மிச்சம்: தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர். எனக்கு இதுதான் மற்றவற்றைவிடப் பெரிய பயம், ஏனென்றால் இதை எவரும் சந்தேகிப்பதில்லை. தேத்தாங்கொட்டையின் புரதமும் பல்சக்கரைட்டும் மிதக்கும் மண்துகள்களை ஒட்டவைத்துக் கீழே இறக்கும். அதோடு சில கிருமிகளும் இறங்கும், எல்லாம் அல்ல. கரைந்திருப்பதை அது பெரும்பாலும் தொடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்துக்கு இடும் யூரியாவும் எருவும், மலசலகூடக் குழிக் கழிவும் கிணற்றுக்குள் நைத்திரேற்றாக இறங்குகின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ, தண்ணீர் ஆவியாக ஆவியாக இன்னும் செறியும். அளவைச் சரியாக அறிய ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும்.