ஒழுங்கையை அளந்து எடுத்த கார்

கொக்குவிலில் எங்கள் வீட்டு ஒழுங்கை முடக்கில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. அதற்கும் எதிர் மதிலுக்கும் இடையில் சரியாக ஏழடி. 2023 ஆவணியில் ஒரு விடியப்புறம், அளவு நாடாவின் ஒரு நுனியை மனைவி பிடிக்க மற்ற நுனியை நான் பிடித்து எடுத்த கணக்கு இது. கார் வாங்குவது பற்றி யார் என்னிடம் கேட்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது, உங்கள் ஒழுங்கை எத்தனை அடி என்றுதான்.

நாடாவை எடுக்க வைத்தது ரொறன்ரோவில் இருக்கும் மகன். "அப்பா, அப்பம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஓட்டோவுக்கு நிண்டது காணும். ஒரு நல்ல பி.எம்.டபிள்யூ பாருங்கோ, காசு நான் அனுப்புறன்" என்றான். அங்கே அவன் ஓடுவது 3 சீரிஸ். அந்த வகைச் சொகுசுச் சலூன் ஒன்று வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

ஆனால் 2012 முதல் 2018 வரை வந்த 3 சீரிஸின் அகலம் 1811 மில்லிமீற்றர். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் இரண்டு மீற்றரைத் தாண்டும். ஏழடி என்பது 2134 மில்லிமீற்றர். கம்பத்தடியில் பக்கத்துக்கு இரண்டங்குலம் மிஞ்சும். அதே காலத்து பென்ஸ் சி கிளாஸும் ஏறக்குறைய அதே அகலம். ரொயோட்டா அலியன் 260 வெறும் 1695. ஜப்பானில் 1.7 மீற்றர் அகலத்துக்குள் அடங்கும் கார்கள் தனி வகுப்பாகப் பதியப்படுகின்றன. அலியனும் அதன் சோடியான ரொயோட்டா பிறீமியோவும் அந்த எல்லையை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. ஜப்பானிய ஊர்த் தெருக்களுக்காக இறுக்கிப் பிடித்த அந்த அளவு எங்கள் ஒழுங்கைக்கும் பொருந்திப் போனது.

நான் சிறுவனாக இருந்தபோது இந்த ஒழுங்கையின் இரு பக்கமும் கிடுகு வேலி. கார் உரசினால் வேலி கொஞ்சம் விலகிக் கொடுக்கும். இப்போது இரண்டு பக்கமும் சீமெந்து மதில். மதில் விலகாது.

அகலம் சரிவந்த பிறகு, கார் எடுக்கும் முன்பே, எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பெரியப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 இருந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டபோது, காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கறுப்புப் புகையோடு ஓடுவார். உடைந்த சாமானை இங்கேயே லேத்தில் கடைந்து போட்டார்கள். அந்தக் காரின் ஆயுள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கையில் இருந்தது. இன்றைய கார்களில் அப்படிச் செய்ய முடியாது. ஸ்கானரும் சரியான சாமானும் வேண்டும்.

"மாஸ்ரர், ஜேர்மன் கார் நல்ல கார்தான். ஆனா ஒரு சென்சர் போனாலும் கொழும்புக்கு ஆள் அனுப்போணும். உந்த 1500 ரொயோட்டா எஞ்சின் எண்டால் நான் இங்கையே பாத்துத் தருவன்" என்றார் மெக்கானிக். அவர் சொன்ன 1NZ எஞ்சினில் ரைமிங் பெல்ற் இல்லை, செயின். குறித்த தூரத்துக்கு ஒருமுறை பெல்ற் மாற்றும் செலவு கிடையாது. எண்ணெயை மட்டும் நாள் தவறாமல் மாற்ற வேண்டும்.

ஹைபிரிட்டையும் யோசித்தோம். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றிருந்த நாட்களை யார் மறப்பது? ஆனால் நாளுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடுகிற என்னைப் போன்றவருக்கு, மிச்சம் பிடிக்கிற பெற்றோல் பழைய ஹைபிரிட் பற்றறியின் விலையைக் கட்டாது. தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருபவர் ஹைபிரிட்டே எடுக்கலாம்.

அப்போது இறக்குமதித் தடைக் காலம். 2020 பங்குனியில் தொடங்கி 2025 மாசியில்தான் தனியார் கார்களுக்குத் தளர்ந்தது. புதிதாக எதுவும் வராததால், பத்து வருடம் ஓடிய 260க்கும் கோடிக்கு மேல் சொன்னார்கள். விலை ஏறிய நேரத்தில்தான் கெட்ட கார்களும் மினுக்கிக்கொண்டு சந்தைக்கு வருகின்றன.

கொழும்புப் பக்கம் ஒரு பிறீமியோ பார்த்தோம். வெள்ளை நிறம், உள்ளே பழுப்பு இருக்கைகள், கதவைத் திறந்ததும் மல்லிகை வாசம். எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. முன் சீற் பெல்ற்றைப் பிடித்து முழுவதுமாக வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் நிறம் மாறியது. குறுக்கே ஒரு மங்கிய கோடு. பிறகு டிக்கியில் காப்பெற்றைத் தூக்கி, ஸ்பெயார் ரயரை வெளியே எடுத்து வைத்து, அந்தக் குழியின் மடிப்பில் விரலை ஓட்டிக் காட்டினார். காய்ந்த களி, மா மாதிரி மெல்லியது. சீற்றைத் தரையோடு பிடிக்கும் ஆணிகள் துருவேறி இருந்தன. 2016 வைகாசி வெள்ளத்தில் கொழும்பைச் சுற்றி எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. அவற்றில் ஒன்றோ, வேறு வெள்ளமோ தெரியாது. தண்ணி குடித்த கார் என்பது மட்டும் நிச்சயம். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் உழைத்த காசு அன்று ஒரு விரல் நுனியில் தப்பியது. பெல்ற்றை முழுதாக இழுக்காமல், ஸ்பெயார் ரயரைத் தூக்காமல் முற்பணம் கொடுக்காதேங்கோ.

கடைசியில் எடுத்தது ஒரு அலியன். அதை விடிய, எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ஸ்ராட் பண்ணிப் பார்த்தேன். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வாருங்கள் என்று திரும்பி வந்துவிடலாம். ரயில் கடவைக்கு மேலால் மெதுவாக ஏறி இறங்கினால் சஸ்பென்ஷனில் எது தட்டுகிறது என்று கேட்கும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது கியர் பொக்ஸ் உதறுகிறதா என்று காலால் உணரலாம். மீற்றர் காட்டும் தூரத்தை நம்பாமல் ஜப்பான் ஏலத் தாளைச் சேசி இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். அதில் தரத்துக்கு ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் கிடந்தால், அவர்களின் விடுவிப்புக் கடிதம் கையில் வரும்வரை காசு கை மாறக்கூடாது.

அம்மாவுக்கு 84 வயது, இரண்டு முழங்காலும் நோ. வாங்குவதற்கு முன் அவவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பிள்ளைகள் காட்டும் படங்களில் அழகாயிருந்த தாழ்வான கார்களில் அவவால் எழும்பவே முடியவில்லை. அலியனில் கதவுப் பிடியைப் பிடித்துத் தானாக எழும்பினா. பின் சீற்றின் சாய்மானத்தைக் கொஞ்சம் சரிக்கலாம் என்பது யாழ் போதனா வைத்தியசாலையில் காத்திருந்து களைத்து வரும்போது பெரிய உதவி.

இன்னொன்று, எங்கள் கிணற்றுத் தண்ணி. சுண்ணாம்புக் கல் ஊடாக வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு றேடியேற்றருக்குள்ளும் விழும். கூலன்ற் மட்டுமே விடுங்கள். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய் வந்தால், கடல் உப்புப் போக, அடுத்த நாளே காரின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

கடந்த வருடம் மகன் வந்தான். கட்டுநாயக்காவில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில், இரவு இரண்டு மணிக்கு, மாங்குளம் தாண்டி ரயர் போய்விட்டது. சுற்றிலும் காடு, ஒரு வெளிச்சம் இல்லை. அவனது காரில் ஸ்பெயார் ரயரே இல்லையாம். காற்று இறங்கினாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரயர்கள். இங்கே அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் யார் கடை திறந்து வைத்திருக்கிறார்கள்? கார் எடுத்த கிழமையே புது ஸ்பெயார் வாங்கிப் போட்டிருந்தேன். அவன் ரோர்ச் பிடிக்க, அரை மணித்தியாலத்தில் மாற்றினோம்.

விடியும்போது கொக்குவில் வந்தோம். கம்பத்தடியில் அவனாகவே இறங்கி, முன்னால் நின்று, கையைக் காட்டி "வாங்கோ அப்பா, வாங்கோ, இடமிருக்கு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.