அஞ்சடியும் கற்பனையும்

விதிகள் கூடினால் கற்பனை குன்றும் என்பது பொதுவான எண்ணம். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளை உற்று நோக்கினால் அந்த எண்ணம் சற்றே ஆட்டம் காணும்.

1822-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு நகர்த்திட்டம் வகுத்தபோது ராஃபிள்ஸ் ஒரு நிபந்தனை விதித்தார். ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும். தெரு நெடுக அது தொடர வேண்டும். எந்நேரமும் மக்கள் நடக்கத் திறந்திருக்க வேண்டும். நம் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்திய இம்முறை பின்னர் பினாங்கிலும் பரவியது. மலாய் மொழியில் அது 'காக்கி லீமா'. நம்மவர் பேச்சில் 'அஞ்சடி'.

பெயர்தான் ஐந்தடி. லெபோ பாசாரில் நடந்து பாருங்கள். அகலம் கடைக்குக் கடை மாறும். தளமும் ஒரே மட்டத்தில் இராது. ஒரு படி ஏறினால் அடுத்த கடையில் இரண்டு படி இறங்க வேண்டும்.

தூண் எப்படி இருக்க வேண்டும், சன்னலுக்கு மேல் என்ன பூவேலை என்றெல்லாம் ராஃபிள்ஸின் நிபந்தனை பேசவில்லை. வீட்டின் அகலத்தைக்கூடப் பெரும்பாலும் உத்தரத்திற்குக் கிடைத்த மரத்தின் நீளமே முடிவு செய்தது. அகலம் குறுகவே வீடு பின்னோக்கி நீண்டது. நடுவில் இருள் சேர்ந்தது. அதைப் போக்கக் கூரையைத் திறந்து முற்றம் அமைத்தார்கள். சீனரின் பீங்கான் வேலைப்பாடும் ஐரோப்பியத் தூணும் ஒரே முகப்பில் இடம்பெற்றன. 1930-களில் வந்த ஆர்ட் டெக்கோ கடைவீடுகளும் அஞ்சடியைக் கைவிடவில்லை.

அந்த நடைபாதையில் பூக்கட்டுபவர், தையற்காரர், கிளி சோதிடர் எனப் பலர் பிழைப்பு நடத்தினர். விதிப்படி இவர்கள் தடங்கல்தான். 1888-இல் சிங்கப்பூர் நகராண்மைக் கழகம் அஞ்சடியை மறித்த பொருள்களை அகற்ற முனைந்தபோது கடைகள் அடைக்கப்பட்டுக் கலவரமே மூண்டது. கைத்தடி ஊன்றி நடக்கும் முதியவரை நினைத்தால் கழகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நடக்க வழிவிட்டபின் எஞ்சும் இடத்தைத் தொழிலுக்கு விடலாம் என்பது என் கருத்து.

2008 ஜூலை 7-இல் மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இன்றைய விதிகள் முகப்பு, கூரை, உயரம், விளம்பரப் பலகை எனப் பலவற்றையும் கட்டுப்படுத்துகின்றன. அவை இல்லையேல் கடைவீடுகளுக்கு நடுவே அடுக்குமாடிகள் முளைத்திருக்கும். ஆயினும் உள்ளே யார் வாழ்கிறார் என்று அவை கேட்பதில்லை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000-இல் அதன் பாதுகாப்பு முற்றிலும் முடிவுற்றதும் வாடகை ஏறியது. பல குடும்பங்கள் வெளியேறின. அவ்வீடுகள் பலவற்றில் இப்போது தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் இருக்கின்றன. முகப்பு என்னவோ பழுதின்றி இருக்கிறது!

ஆய்வுப் பணிக்காக நகருக்குச் செல்லும் நண்பர்கள் முகப்பைப் படமெடுப்பதோடு, அஞ்சடியில் எந்த நேரத்தில் யார் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் குறித்து வரலாம். லெபோ பாசாருக்கான பட்டியலை நான் தொடங்கிவிட்டேன்.