குனிந்து பார்த்த வீடு

திருப்பதியில் பயிலும் தமிழ் மாணவர்கள் சிலர் போபால் நகருக்குக் கல்விச் சுற்றுலா சென்றனர். அங்குச் சியாமளா குன்றின்மீது, ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் இந்திரா காந்தி தேசிய மானிட அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1977இல் புதுதில்லியில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், பின்னர்ப் போபாலுக்கு மாற்றப்பட்டது.

பிற அருங்காட்சியகங்களில் பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும். இங்கோ, பழங்குடியினரின் வீடுகளே திறந்தவெளியில் காட்சியளிக்கின்றன. அந்தந்த இன மக்களே வந்து, தம் முறைப்படி அவற்றைக் கட்டினர்.

நீலகிரித் தோடர் வீட்டின்முன் மாணவர்கள் நின்றனர். வளைந்த கூரை, மூங்கில், பிரம்பு, புல் ஆகியவற்றாலான கட்டுமானம், தவழ்ந்து நுழையுமளவு சிறிய வாயில்.

"இவ்வளவு சிறிய வாயிலா?" என்று ஒரு மாணவன் நகைத்தான்.

"நீலகிரியின் குளிரையும் காட்டு விலங்குகளையும் நினைத்துப் பார்" என்றார் ஆசிரியர். நகைத்தவன் குனிந்து உள்ளே நோக்கினான்.

"ஐயா, இவ்வீடும் நம்மைப் போலத் தமிழ்நாட்டைவிட்டு வெகுதொலைவு வந்துவிட்டதே!" என்றாள் சித்தூரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி.

"ஆம். நாம் வாழும் பகுதியின் பழங்குடியினர் யாரெனச் சொல்வாயா?"

அவள் விடையறியாது நின்றாள்.

ஆசிரியர் கூறினார்: "சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் யானாதியர் வாழ்கின்றனர். மீன்பிடித்தலிலும் மூலிகை அறிவிலும் தேர்ந்தவர்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டதை நாம் அறிவோம். அதற்கு முன்பே யானாதியர் அத்தீவில் வாழ்ந்தனர். ஏவுதளம் அமைவதற்காக இடம்பெயர்ந்தனர்."

மாணவி தயங்கியபடி, "ஐயா, எங்கள் ஏரிக்கரையில் யானாதிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. நாள்தோறும் பார்க்கிறேன், அவர்கள் பெயரைக் கேட்டதேயில்லை" என்றாள்.

ஊர் திரும்பிய மறுநாள் அவள் ஏரிக்கரைக்குச் சென்றாள். அங்கு முதியவர் ஒருவர் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அவரருகே அமர்ந்து, "தாத்தா, உங்கள் பெயர் என்ன?" என்று தெலுங்கில் வினவினாள். முதியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, முகம் மலர்ந்து பேசத் தொடங்கினார்.

சொற்பொருள்
பேழை – பெட்டி
செப்பனிடுதல் – சீர்செய்தல்
வினவுதல் – கேட்டல்

வினாக்கள்
1. போபால் அருங்காட்சியகம் பிறவற்றினின்று எவ்வாறு வேறுபடுகிறது?
2. தோடர் வீட்டின் வாயில் சிறிதாக இருப்பது ஏன்?
3. "இவ்வீடும் நம்மைப் போல" என்று மாணவி கூறியதன் பொருள் யாது?

செயல்பாடு
உம் ஊரில் நாள்தோறும் காணும், பெயர் அறியாத ஒருவரிடம் உரையாடி, அவரது தொழிலைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.