பீம்பேட்கா காட்டில் ஒரு நடை

சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? இட்டார்சி சந்திப்பைத் தாண்டியதும் வண்டி நர்மதை ஆற்றைக் கடக்கும். பிறகு விந்திய மலைக் காடுகளுக்கு நடுவே மேடேறிப் போபாலை நோக்கிச் செல்லும். அப்போது தூங்கிவிடாமல் சன்னல் வழியே பாருங்கள். மரங்களுக்கு மேலே, இடிந்த கோட்டைச் சுவர்களைப் போலப் பாறைகள் எழுந்து நிற்கும்.

1957ஆம் ஆண்டு இந்தப் பாதையில் ரயிலில் சென்ற ஒருவர் அந்தப் பாறைகளைக் கூர்ந்து பார்த்தார். ஸ்பெயினிலும் பிரான்சிலும் பழங்கால ஓவியங்கள் உள்ள குகைப் பாறைகளைப் போல அவை அவருக்குத் தோன்றின. பார்த்ததோடு அவர் விட்டுவிடவில்லை. பிறகு ஒரு குழுவுடன் அங்கு சென்று காட்டுக்குள் நடந்தார். அவர்தாம் தொல்லியல் அறிஞர் வி. ஸ்ரீ. வாகண்கர். அவர் கண்டறிந்த இடம் பீம்பேட்கா.

'பீமன் அமர்ந்த இடம்' என்பது இப்பெயரின் பொருள். 1888ஆம் ஆண்டிலேயே இவ்விடம் எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால், ஊரார் சொன்ன செய்திகளைக் கொண்டு, பௌத்தச் சின்னங்கள் உள்ள இடம் என்று அப்போது எழுதிவிட்டார்கள். அந்தத் தவறு திருந்த ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே குகைகளில் நடந்த மற்றொரு தவற்றையும் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

குடும்பத்தோடு நடக்கலாம்

பீம்பேட்கா, போபாலுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மலைமேல் வரை வண்டி செல்லும். அங்கிருந்து குகைகளுக்கு இடையே நடைபாதை போட்டிருக்கிறார்கள். செங்குத்தான ஏற்றம் கிடையாது. பாட்டியும் சின்னத் தம்பியும் கூட மெல்ல நடந்து வந்துவிடலாம். இந்த மலைகளில் 700க்கும் மேற்பட்ட பாறைக் குகைகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றையே பொதுமக்கள் பார்க்க விட்டிருக்கிறார்கள். நிதானமாகப் பார்க்க அதுவே அரை நாள் வேலை. 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

சுற்றிலும் தேக்கு மிகுந்த ராதாபானி காடு. கோடையில் இலை உதிர்ந்து வெயில் சுடும். எனவே டிசம்பர், சனவரி மாதங்கள் ஏற்றவை. குடிநீரும் நல்ல செருப்பும் வேண்டும். பாதையை விட்டு விலகக் கூடாது. 2024 டிசம்பரில் இக்காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்!

பாறை கூரையானது எப்படி?

பாதையோரப் பாறையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். சர்க்கரை மணிகளை அழுத்தி ஒட்டியது போலத் தெரியும். இது மணற்பாறை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீர் கொண்டுவந்து படியவைத்த மணல், அடுக்கடுக்காக இறுகிப் பாறையாயிற்று. எல்லா அடுக்குகளும் ஒரே உறுதியுடன் இருப்பதில்லை. மழைநீர் விரிசல்களில் இறங்குகிறது. பகல் வெப்பத்தில் பாறை விரிகிறது; இரவுக் குளிரில் சுருங்குகிறது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தால், உறுதி குறைந்த அடுக்கு முதலில் உதிரும். உறுதியான அடுக்கு மேலே தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கும். மழையும் வெயிலும் படாத ஓர் இடம் மனிதனுக்குக் கிடைத்தது இப்படித்தான். இங்கே ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. இன்று நாம் நடக்கும் பாதையில் அன்றே ஆள் நடமாட்டம் இருந்தது!

சிவப்பு ஏன் மங்கவில்லை?

நடைபாதையில் 'விலங்குப் பாறை' என்று ஒன்று உண்டு. அதில் யானை, காட்டெருமை, மான் என 16 வகை விலங்குகளைத் தீட்டியிருக்கிறார்கள். வெள்ளையும் சிவப்புமே மிகுதி. உங்கள் சட்டைச் சாயம் ஓராண்டில் வெளுத்துவிடுகிறது. இந்தச் சிவப்பு மட்டும் எப்படி நிலைத்தது?

சட்டைச் சாயம் கரிமச் சேர்மங்களால் ஆனது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். பாறையில் உள்ள சிவப்போ காவிக்கல். அது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. இரும்பு ஏற்கெனவே ஆக்சிசனோடு முழுமையாகச் சேர்ந்து முடிந்துவிட்ட பொருள் அது. துரு மேலும் துருப்பிடிக்குமா? காற்றும் ஒளியும் அதைப் பெரிதாக மாற்றிவிடுவதில்லை.

ஆனால் அதே காரணத்தால் ஒரு சங்கடமும் உண்டு. பழம்பொருளின் வயதை அறியக் கதிரியக்கக் கார்பன் முறையைப் பயன்படுத்துகிறோம். உயிரோடு இருந்த பொருளில் உள்ள கார்பன்-14, 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் என்பது அதன் அடிப்படை. காவிக்கல்லில் கார்பனே இல்லை! எனவே அந்த நிறத்தைக் கொண்டு ஓவியத்தின் வயதை நேரடியாகக் கணக்கிட முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டப்பட்டுள்ளன. அடியில் இருப்பது மூத்தது; மேலே இருப்பது இளையது. ஓரிடத்தில் வேடர்கள் கால்நடையாக மானைத் துரத்துகிறார்கள். வேறோர் இடத்தில் குதிரைமேல் ஏறி வாளும் கேடயமும் ஏந்தி வருகிறார்கள். உலோகம் வந்தபின் தீட்டியவையே வாளும் கேடயமும் என்று எளிதில் சொல்லலாம் அல்லவா? இடைக் கற்காலத்திலிருந்து வரலாற்றுக் காலம் வரை மக்கள் மாறி மாறி வந்து இப்பாறைகளில் தீட்டியிருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஏமாற்றிய இலை

நடைபாதையின் தொடக்கத்தில் இருப்பது 'அரங்கக் குகை'. இரு பக்கமும் திறந்த பெரிய பாறைக் குடைவு அது. 2021ஆம் ஆண்டு இக்குகை உலகச் செய்தியாயிற்று. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகரி ரீட்டலாக்கும் அவருடைய குழுவினரும் குகையின் மேற்பகுதியில், எட்டாத உயரத்தில், ஓர் இலை வடிவ அடையாளத்தைக் கண்டார்கள். அது சுமார் ஒன்றரை அடி நீளம் இருந்தது. நடுவில் ஒரு கோடு. இரு பக்கமும் விலா எலும்புகளைப் போல வரிகள். அது டிக்கின்சோனியா என்ற உயிரினத்தின் தொல்லுயிர்ப் படிவம், அதாவது பாசில், என்று அவர்கள் அறிவித்தார்கள்.

டிக்கின்சோனியா சாதாரணப் பெயரன்று. முதலில் ஆஸ்திரேலியாவில் கிடைத்து 1947ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட இது, உலகின் மிகப் பழைய விலங்குகளுள் ஒன்று. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்தது. பீம்பேட்காவில் அது கிடைத்தது என்றால் இந்தப் பாறையின் வயதும் 55 கோடி ஆண்டு என்றாகிவிடும். ஆனால் பாறையில் பதிந்துள்ள பழங்காலக் காந்தத் திசையை அளந்து, இவ்வகைப் பாறைகளுக்குச் சுமார் 100 கோடி ஆண்டு வயது என்று வேறு சிலர் கூறிவந்தனர். வேறுபாடு ஏறக்குறைய 45 கோடி ஆண்டு! விந்திய மலையின் வரலாறே இந்த ஓர் இலையை நம்பி நின்றது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அச்செய்தியைப் படித்து மகிழ்ந்து, கல்லூரி வகுப்பில் மாணவர்களுக்குச் சொன்னேன். படம் தெளிவாக இருந்தது, எழுதியவர்கள் அறிஞர்கள், வெளியிட்டது ஆராய்ச்சி இதழ். ஐயப்பட எனக்குத் தோன்றவில்லை.

பிறகு புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மீர்ட்டும் அவருடைய குழுவினரும் அதே குகைக்குப் போய் அதே அடையாளத்தைப் பார்த்தார்கள். அது பாறையின் மேற்பரப்பிலிருந்து உரிந்து கொண்டிருந்தது. 55 கோடி ஆண்டுகள் நிலைத்த பொருள் இரண்டொரு ஆண்டில் உரியுமா? உரிந்த இடத்தில் அறுகோண அறைகளின் சாயல் தெரிந்தது. அக்கம்பக்கத்துப் பாறைகளில் மலைத்தேனீக்களின் அடைகள் தொங்கின. 'உலகின் பழைய விலங்கு' என்று கொண்டாடியது, கைவிடப்பட்ட தேனடையின் மிச்சம்! 2023ஆம் ஆண்டு இது வெளியாயிற்று. ரீட்டலாக் குழுவினரும் தங்கள் தவற்றை ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இலை பொய்யாகிவிட்டதால் பாறைக்கு 100 கோடி வயது என்பது தானாக உறுதியாகிவிடாது. ஒரு சாட்சி தவறானவர் என்று தெரிந்தது, அவ்வளவுதான். மற்றச் சாட்சிகளைத் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

நானும் வகுப்பில் என் பேச்சைத் திருத்திக்கொண்டேன். "ஐயா, முதலில் அவர்கள் ஏன் கவனிக்கவில்லை?" என்று ஒரு மாணவர் கேட்டார். தூரத்திலிருந்து பார்த்தார்கள், முன்பே தெரிந்த ஒரு வடிவத்தை அதில் கண்டார்கள், பக்கத்துப் பாறையைப் பார்க்கவில்லை. இதுவே நான் சொன்ன விடை. இதைச் செய்யாதவர் நம்மில் யார்?

மூன்று கேள்விகள்

அதன்பின் 2023 டிசம்பரில் குடும்பத்தோடு அங்கு போனேன். அரங்கக் குகையின் வாயிலருகே ஒரு குழந்தையின் கைத்தடம் பாறையில் பதிந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் படித்துவந்த என் மகள் தன் கையைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் கையைவிடச் சின்னதுப்பா" என்றாள். பல்லாயிரம் ஆண்டுகள் தாங்கக்கூடிய காவி நிறத்தையும், ஆயிரம் பேர் ஆசையோடு தடவினால் நம் கைவியர்வையும் எண்ணெயும் கெடுத்துவிடும். படம் பளிச்சென்று தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் அப்படியே. நீரில் கரைந்த உப்பு காய்ந்து படிகமாகி, மேல் படலத்தையே பெயர்த்துவிடும்.

எந்தப் பழமையான இடத்துக்குப் போனாலும், ஒரு புதிய அடையாளத்தைக் கண்டால் இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

1. இது பாறைக்குள் இருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா?
2. சென்ற ஆண்டு எடுத்த படத்துக்கும் இன்றைக்கும் ஏதேனும் மாற்றம் உண்டா?
3. இதைப் போன்றது பக்கத்தில் வேறு எங்காவது இருக்கிறதா?

மூன்றுக்கும் கருவி எதுவும் தேவையில்லை. கண்ணும் ஒரு குறிப்பேடும் போதும். தொடாமலே விடை காணலாம்.

திரும்பும் வழியில் போஜ்பூருக்கும் செல்லுங்கள். பதினோராம் நூற்றாண்டில் போஜ மன்னன் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட சிவன் கோயில் அங்கே பேத்வா ஆற்றங்கரையில் நிற்கிறது. கோயிலை ஒட்டி, கற்களை மேலேற்றப் போட்ட பெரிய சரிவுப் பாதையின் மிச்சம் இருக்கிறது. உங்கள் பாடநூலில் வரும் சாய்தளம் அதுவே! 10 மீட்டர் உயரத்துக்கு 100 மீட்டர் நீளச் சரிவு போட்டால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், எடையில் பத்தில் ஒரு பங்கு விசையே போதும். சுற்றியுள்ள பாறைகளில் கோயிலின் வரைபடங்களையும் கீறி வைத்திருக்கிறார்கள்.

போபால் வரை போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையிலும் பாறையில் சிவப்பு ஓவியங்கள் உள்ளன. ஆசிரியரையோ பெற்றோரையோ அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படுங்கள்.

கடைசியாக ஒன்று. பீம்பேட்கா ஓவியங்களில் வேட்டை உண்டு, நடனம் உண்டு, தேன் எடுக்கும் காட்சியும் உண்டு. அந்தப் பாறைகளில் தேனடை தொங்கும் என்பதை அங்கு வாழ்ந்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்; எழுதியும் வைத்துவிட்டார்கள். நாம்தாம் சரியாகப் படிக்கவில்லை.