கல்லில் எழுந்த தமிழ்ப் பள்ளி

"ஐயா, இது கோயிலா, பள்ளிவாசலா?"

கீழக்கரை நடுத்தெரு ஜும்மாப் பள்ளியின் முன் நின்று, சிவகாசி மாணவர் ஒருவர் தாழ்ந்த குரலில் வினவினார். அருப்புக்கோட்டை, பரமக்குடி, இராமநாதபுரம் எனப் பேருந்தில் வந்த களைப்பிலும் அவ்வினா என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது.

செத்தும் கொடுத்த சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இப்பள்ளி, 17ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைக்குச் சான்று. சீதக்காதி வள்ளல் கிழவன் சேதுபதியின் நண்பர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர். காப்பியத்தில் அரபு நாட்டு வரலாறு தமிழ் நிலத்தின் உடை உடுத்தி வந்ததை வகுப்பில் படித்தோம். அதே செயலை இங்குக் கல்லில் காண்கிறோம்.

குவிமாடத்தைத் தேடும் கண்களுக்குத் தூண்களே எதிர்ப்படும். தூணின்மேல் போதிகை, அதன்மேல் உத்தரம், அதற்கும்மேல் கற்பலகை. கல் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. நீண்ட உத்தரமாயின் நடுவில் அடிப்புறம் விரிசல் காணும். ஆகவே தூண்கள் நெருங்கி நிற்கின்றன. போதிகை இருபுறமும் கைநீட்டி இடைவெளியைக் குறைக்கிறது. அழகுக்கென நாம் எண்ணுவது உண்மையில் பாரம் தாங்கும் உறுப்பு! தச்சரின் உளி கோயிலில் பழகிய உளிதான். இங்கே உருவங்களை விலக்கி, பூவும் கொடியுமாக நின்றுவிட்டது. கிழக்கு வாயிலும் மேற்கே கருவறையுமாக அமைத்துப் பழகியவர்க்கு, மேற்குச் சுவரில் மிஹ்ராப் அமைப்பது புதிராக இருந்திராது.

குறையும் உண்டு. தொழுகை வரிசையைத் தூண்கள் இடையிடையே அறுக்கின்றன. இழுவிசையைக் கம்பி ஏற்கும் கான்கிரீட்டில் அகன்ற கூடம் எளிது. அதனால்தான் எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய கற்பள்ளியை இடித்தார்கள். புதுக் கட்டடத்திற்கு நானும் நன்கொடை தந்தேன். தூண்கள் என்னவாகும் என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னாளில் அவற்றுள் ஒன்றைக் கிணற்றடியில் துவைகல்லாகக் கண்டேன். பூ வேலைப்பாடு பாதி தேய்ந்திருந்தது.

"பள்ளிவாசல்தான் தம்பி, கட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள்" என்றேன். அவர் நூல் ஒன்றை வாங்கி வந்து, இரு தூண்களுக்கு இடையே அளக்கத் தொடங்கினார்.