கண்புரையும் சிகிச்சை நாடலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
தொற்றாத நோய்கள்: சுருக்கக் குறிப்பும் மாதிரி வினா விடையும்



தொற்றாத நோய்கள் என்றதும் நீரிழிவு, உயர் குருதியமுக்கம், புற்றுநோய் ஆகியவற்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வோர் பலர். முதியோரின் பார்வையைப் பறிக்கும் கண்புரையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 2014-2015 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், பார்வையின்மைக்கு முதற் காரணமாகக் காணப்பட்டது கண்புரையே.

கண்புரையால் இழந்த பார்வையைச் சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் மீளப் பெறலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியருக்கோ படுக்கைக்கோ கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் நம் மத்தியில் முதியோர் பலர் பார்வை மங்கியே வாழ்வது ஏன்? இவ்வினாவுக்குக் காரணம் காட்டி விடை எழுதத் தெரிந்தால் இப்பாடம் விளங்கிவிட்டது எனலாம்.

1. கண்புரை என்றால் என்ன?

கதிராளிக்குப் பின்னால் வில்லை அமைந்துள்ளது. ஒளியை விழித்திரையில் குவியச் செய்வது இதன் தொழில். வில்லை தெளிவாக இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதாகும். இவ்வொழுங்கு குலையும்போது வில்லை மங்கலடைகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது தெளிவை இழந்து வெண்மையாவதை நினைவிற் கொள்ளுங்கள். இவ்வாறு வில்லை மங்குதலே கண்புரை. பேச்சு வழக்கில் இதனைக் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பர்.

குழப்பிக்கொள்ள வேண்டாம்: கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிவான படை விழிவெண்படலம் ஆகும். டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடக்கிய இலங்கைக் கண்தான சங்கம் தானமாகப் பெறும் கண்களில் பொருத்தப் பயன்படுவது இப்படலமே. கண்புரைக்கு வேறொருவரின் கண் தேவையில்லை. செயற்கை வில்லையே பொருத்தப்படுகிறது.

2. காரணங்கள்

(அ) வயது முதிர்தல் – இதுவே பிரதான காரணம்.
(ஆ) நீரிழிவு.
(இ) சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள். உயரம் கூடக்கூட இக்கதிர்களின் தாக்கமும் கூடும். மலையில் நாள் முழுவதும் வெயிலில் நிற்போர் அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிவது நன்று.
(ஈ) புகைத்தல். விறகடுப்பின் புகைக்கும் கண்புரைக்கும் தொடர்பு இருப்பதாக இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. புகைபோக்கி இல்லாத லயன் அடுப்படியை இங்கு உதாரணமாகக் காட்டலாம்.
(உ) கண்ணில் அடிபடுதல்.
(ஊ) ஸ்டீரொயிட் வகை மருந்துகளை நீண்ட காலம் பாவித்தல்.
(எ) கர்ப்பிணித் தாய்க்கு ருபெல்லா தொற்றுதல். இதனால் குழந்தை கண்புரையுடன் பிறக்கலாம்.

3. அறிகுறிகள்

பார்வை மெல்ல மெல்ல மங்கும், வலி இராது. புகைமூட்டத்தின் ஊடாகப் பார்ப்பது போலிருக்கும். வாகன வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். நிறங்கள் மங்கித் தோன்றும். கண்ணாடியை மாற்றியும் பார்வை தெளியாது. புரை முற்றும்போது கண்மணி வெண்மையாகத் தெரியும்.

வலி இல்லாமையே இந்நோயின் ஆபத்து. ஒரு கண் மங்கினாலும் மற்றக் கண்ணால் சமாளித்துக்கொள்வதால் நோயாளி அதனை உணர்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க வேண்டும். "அம்மாயி, ஒரு கண்ணைக் கையால மூடிக்கிட்டு இது எத்தனை விரல்னு சொல்லுங்க" என்று 6 மீற்றர் தூரத்தில் நின்று கேளுங்கள். எண்ண முடியாவிட்டால் உடனே கண் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எண்ணிவிட்டாலும் மங்கல் இருப்பதாகக் கூறினால் பரிசோதனை அவசியமே.

எச்சரிக்கை: திடீரென்று பார்வை போதல், கடும் வலி, கண் சிவத்தல் ஆகியன சாதாரண கண்புரையின் அறிகுறிகள் அல்ல. அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிறு குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது.

4. தவறான நம்பிக்கைகளும் சரியான விளக்கமும்

"வயது போனால் கண் மங்கத்தான் செய்யும்." – மங்குவது உண்மை. ஆனால் அதனை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை.

"நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் விட்டால் புரை கரையும்." – எந்தத் துளியும் புரையைக் கரைக்காது. கண்ணில் கிருமி தொற்றி உள்ள பார்வையும் போகலாம்.

"நன்றாக முற்றட்டும், பிறகு வெட்டலாம்." – பழைய சத்திரசிகிச்சை முறைக்கு இது பொருந்தியது. இன்று அன்றாட வேலைக்கு இடையூறு ஏற்பட்டவுடனேயே சத்திரசிகிச்சை செய்யலாம். அளவுக்கு மீறி முற்றினால் கண்ணின் உள்ளமுக்கம் கூடி நிரந்தரமாகவே பார்வை இழக்க நேரிடலாம்.

"ஒப்பரேஷன் செய்தால் சோடாப் புட்டிக் கண்ணாடி போட வேண்டும்." – வில்லையை அகற்றிவிட்டு வேறு வில்லை வைக்காத காலத்தில் அப்படி இருந்தது. 1949 இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற வைத்தியர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். இன்று அதுவே வழமையான முறை. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து, குறுகிய நேரத்தில் இச்சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது.

5. சிகிச்சை நாடாமைக்கான காரணங்கள்

இப்பகுதியைக் கவனமாகப் படியுங்கள். "அறியாமை" என்ற ஒரு சொல்லோடு விடையை முடித்தால் முழுப் புள்ளி கிடைக்காது.

வலப்பனை, இராகலைப் பக்கத் தோட்டமொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கண்டிக்கோ போக வேண்டும். விடியுமுன் எழுந்து தோட்டத்துப் பாதையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பார்வை மங்கியவர் தனியே போக முடியாது; மகளோ மருமகளோ கூடப் போக வேண்டும். போகும் நாளில் மகளுக்குப் பேர் இல்லை. பரிசோதனை, திகதி எடுத்தல், சத்திரசிகிச்சை, மறுபடி கிளினிக் என்று பல நாட்கள் இப்படிப் போகும். வைத்தியம் இலவசமானாலும் பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் இழந்த சம்பளமும் இலவசமல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டிக்குக் கையில் வருமானமும் இல்லை. "பிள்ளைகளுக்குத் தொந்தரவு" என்று தாமே மறைத்துவிடுவார். வைத்தியசாலையில் சிங்களத்தில் கூறுவது விளங்காமல் திரும்பி வருவோரும் உண்டு.

பயமும் ஒரு காரணம்; அதற்கு ஆதாரமே இல்லை எனக் கூறிவிட முடியாது. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் இடப்பட்ட ஒரு கண்துளி மருந்தே காரணமெனக் கூறப்பட்டு, அது பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. இதனை மறைத்துப் பேசினால் மக்கள் நம்பமாட்டார்கள். எந்தச் சத்திரசிகிச்சையிலும் சிறு ஆபத்து உண்டு. செய்யாமல் விட்டால் பார்வை தொடர்ந்து குறைந்துகொண்டே போகும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்வதே முறை. சத்திரசிகிச்சைக்குப் பின் வலி, சிவப்பு, மங்கல் ஏற்பட்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே திரும்பிச் செல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

6. தடைகளை நீக்கிய ஓர் உதாரணம்

1976 இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இலவசமாகச் சிகிச்சை தருவது மட்டும் போதாது என்பதை அந்நிறுவனம் அனுபவத்தில் கண்டது. ஆகவே கிராமத்திலேயே முகாம் நடத்தி, புரையுள்ளவர்களைக் கூட்டமாகத் தனது பஸ்ஸில் ஏற்றிச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, சத்திரசிகிச்சையின் பின் ஊரில் கொண்டுவந்து விட்டது. வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்ததால் 1992 இல் அரோலாப் என்ற பெயரில் தானே குறைந்த செலவில் வில்லை தயாரிக்கத் தொடங்கியது. போக்குவரத்து, துணை, செலவு ஆகிய தடைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தீர்வு காணப்பட்டதை விடையில் சுட்டிக்காட்டுங்கள்.

7. பார்வையும் உழைப்பும்

நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பொருள் தெரியாமற் போவது வெள்ளெழுத்து. இது கண்புரை அன்று, கண்ணாடியால் சரியாகும். இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018 இல் வெளியானது. கிட்டப்பார்வைக் கண்ணாடி பெற்றோர் பறித்த கொழுந்தின் நிறை, பெறாதோரைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. கண் பராமரிப்பு வீண் செலவு அன்று என்பதற்கு இது தக்க சான்று.

மாதிரி வினா

62 வயதான ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர், ஓராண்டாக வலியின்றிப் பார்வை மங்கி வருவதாகக் கூறுகிறார். வைத்தியரிடம் செல்ல அவர் விரும்பவில்லை.
(i) அவருக்கு இருக்கக்கூடிய கண் நோய் யாது? (1 புள்ளி)
(ii) அவர் சிகிச்சை நாடாமைக்கான மூன்று காரணங்கள் தருக. (3 புள்ளிகள்)
(iii) அவரது வீட்டிலுள்ள மாணவர் செய்யக்கூடிய மூன்று உதவிகளை விளக்குக. (6 புள்ளிகள்)

விடை

(i) கண்புரை.
(ii) வயதின் இயல்பு என எண்ணுதல். பயணச் செலவும் துணைவருபவரின் சம்பள இழப்பும். சத்திரசிகிச்சை பற்றிய பயம். (மொழித் தடையும் ஏற்கப்படும்.)
(iii) ஒவ்வொரு கண்ணாகப் பார்வையைச் சோதித்து வீட்டாருக்குத் தெரிவித்தல். பாடசாலை விடுமுறை நாளில் கிளினிக்குக்குத் துணையாகச் சென்று, வைத்தியர் கூறுவதை விளக்கி, திகதியையும் வாங்க வேண்டிய பொருட்களையும் கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்ளல். சத்திரசிகிச்சையின் பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குறித்த நேரத்தில் துளி மருந்து இடுதல், கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளல்.

குறிப்பு: "விளக்குக" எனக் கேட்டால் உதவியை மட்டும் எழுதினால் போதாது; அது எந்தத் தடையை நீக்குகிறது என்பதையும் ஒரு வசனத்தில் சேர்த்து எழுதுங்கள். மூன்றாம் வினாவின் முதலாவது உதவிக்குப் பேனை தேவையில்லை. இன்று மாலையே வீட்டிலுள்ள பெரியவர்களிடம் செய்து பாருங்கள்.